மலை கரையும் வேகம்

மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். அன்று வாசலில் நின்று விசாரிக்கத்தான் வாய்க்கவில்லையே. உங்கள் இடுப்புவலி எப்படி இருக்கிறது? வண்டியையும் ஓட்டிக்கொண்டு காய்கறி மூட்டையையும் நீங்களே தூக்குகிறீர்கள். வலிக்காமல் என்ன செய்யும்?

போனில் பேசலாம்தான். உங்கள் மலையில் சிக்னல் கிடைக்கத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏற வேண்டும். ஏறி நின்று பேசினால் பள்ளத்தாக்கு முழுவதற்கும் கேட்கும். நீங்கள் கொல்லைப்பக்கம் நின்று 'எழுது' என்று விரலால் காட்டினீர்களே, அதனால்தான் இந்தக் கடிதம்.

அணை அலுவலகத்து ஜீப்பிலிருந்து நான் இறங்கியதைக் கண்டதும் அண்ணன் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. "கூடப்பொறந்தவன் நிலத்தையே அளந்து குடுக்க வந்தியா? முடிவு வரட்டும், அப்புறம் வா. அதுவரைக்கும் இந்தப் படி ஏறாத." கதவைச் சாத்திக்கொண்டார். ஜீப்பில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் இருந்த மரத்தைப் பார்ப்பதுபோல நடித்தார்கள்.

அண்ணி, நான் அளக்க வந்தது நிலத்தை அல்ல. மலை எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதை. அணையில் பாதிக்கு மேல் சேறு நிரம்பிவிட்டது. சரிவில் உழுகிறவர்களால்தான் இது என்கிறார்கள் சிலர். மலை எப்போதுமே இப்படிக் கரைவதுதானா, நீங்கள் வந்து உழுத பிறகு கூடியதா என்று யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் எங்கள் ஆய்வுக்கூடத்தைக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வோர் ஓடையின் வாயிலும் ஒரு பை மணல் எடுத்தோம்.

என் அண்ணன் அங்கே விவசாயம் செய்கிறார் என்பதை முதல் நாளே எங்கள் துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டேன். விலகிக்கொள்ளச் சொல்வார் என்று நினைத்தேன். அவர், "மணலைச் சுத்தம் பண்ண உன்னை விட்டா எனக்கு ஆள் இல்ல. ஆனா எந்தப் பை எந்த ஓடைன்னு உனக்குத் தெரியக்கூடாது" என்றார். பைகளின் பெயர்ச்சீட்டுகளைக் கிழித்து எண் போட்டது அவர்தான். இனி எனக்கு எல்லாம் எண்தான்.

இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் நாத்தனார்


மார்ச் 27

அன்புள்ள கல்பொறுக்கிக்கு,

உன் அண்ணன் வைத்த பெயர். அவர்தான் இப்போது கூப்பிட மாட்டேன் என்கிறார், நானாவது கூப்பிடுகிறேன். ஒருமுறை சந்தையில் அவர் இந்தப் பெயரைச் சுருக்கிச் சத்தமாகக் கூப்பிட, நாலு ஆண்கள் திரும்பி முறைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா?

இங்கே எல்லோரும் நலம். இடுப்பும் நலம்தான், குனிந்தால் மட்டும் தன் இருப்பைச் சொல்லும். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அன்று பார்த்தபோது உன் கன்னத்தைக் காணோம்.

விதைக்கடைக்காரர்தான் எங்கள் விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவர் என்பது உனக்குத் தெரியும். போன வாரம் கடையில் கூட்டம் போட்டார். அணை அலுவலகம் அனுப்பிய தாளைப் படித்தார். மழைக்காலத்துக்கு முன்பு முடிவெடுப்பார்களாம். சேற்றுக்குக் காரணம் நாங்கள்தான் என்று வந்தால் சரிவிலிருக்கும் நாற்பது குடும்பத்தையும் கீழே சமவெளிக்கு மாற்றுவார்களாம். நிலம் தருவார்களாம். தருவார்கள்! உன் அண்ணன் எழுந்து, "இந்த மண்ணு என் கையப் படிச்சு வச்சிருக்கு. புது மண்ணுக்கு நான் எப்ப பாடம் சொல்லித்தர்றது?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. உன் பெயரை எடுத்தால் எழுந்து மாட்டைப் பார்க்கப் போகிறார். எங்களிடம் மாடு இல்லை என்பது உனக்கே தெரியும். பக்கத்து வீட்டு மாட்டைப் பார்க்கப் போகிறார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று கேட்டிருக்கிறேன். நீ என்னடா என்றால் ஆற்றில் கிடப்பதையே அளக்கிறாய். ஒரு பிடி மணலுக்கு மலையின் வயது எப்படித் தெரியும்? எனக்குப் புரியும்படி எழுது. புரிந்தால்தான் இந்த மனுஷருக்கு நான் சொல்ல முடியும்.

உன் அண்ணி


ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். கன்னம் இருக்கிறது, முகமூடிக்குள் இருக்கிறது. நாள் முழுக்க அமிலத்தோடு வேலை. மணலில் வெள்ளைப் படிகம் மட்டும் எனக்கு வேண்டும், மற்ற எல்லாவற்றையும் அமிலத்தில் கரைத்துவிட வேண்டும். புகை வெளியே வராத கண்ணாடிக் கூண்டுக்குள் கையை விட்டுக் குடுவையைக் குலுக்குகிறேன், கழுவுகிறேன், மறுபடி குலுக்குகிறேன். வாரக்கணக்கில் இதேதான். எங்கள் உதவியாளர் அம்மா என்னைப் பார்த்து, "வீட்டுல அரிசி களையச் சொன்னா இவ்வளவு பொறுமை வருமா உனக்கு?" என்கிறார். வராது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வெயிலில் வேலை செய்கிறவரின் கையைப் பாருங்கள். அதிக நேரம் நின்றால் அதிகம் கறுக்கும். நிழலில் இருந்துவிட்டு இப்போதுதான் வெளியே வந்த கை வெளுத்திருக்கும். கறுப்பைப் பார்த்தே எவ்வளவு நேரம் வெயிலில் நின்றார் என்று ஒரு மாதிரி சொல்லிவிடலாம் அல்லவா?

மணலுக்கும் அப்படி ஒரு வெயில் உண்டு. வானத்துக்கு அப்பாலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் பூமியின்மேல் விழுந்துகொண்டே இருக்கின்றன. பாறைக்குள் ஆழமாகப் புதைந்திருக்கும் மணியை அவை தொடுவதில்லை. மேலே இருக்கும் மண் கரையக் கரைய அந்த மணி மேற்பரப்பை நோக்கி வரும். வர வரக் கதிர் படும், படிகத்துக்குள் ஒரு தடயம் சேரும். மலை மெதுவாகக் கரைந்தால் மணி மேலே வந்து சேர நெடுங்காலம் ஆகும், தடயம் நிறைய இருக்கும். வேகமாகக் கரைந்தால் தடயம் கொஞ்சம்தான். ஓடையின் வாயில் கிடக்கும் ஒரு பிடி மணல் அந்தச் சரிவு முழுவதிலிருந்தும் வந்தது. ஆகவே அந்த ஒரு பிடியே அந்தச் சரிவின் சராசரியைச் சொல்லிவிடும், அதுவும் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு. மனிதர் வந்து உழுவதற்கு வெகுகாலம் முன்னாலிருந்து.

கடைசியில் ஒவ்வொரு பை மணலும் கடுகில் பாதி அளவு வெள்ளைப் பொடியாகிவிடும். அதை வேறொரு நகரத்தில் இருக்கும் பெரிய இயந்திரத்துக்கு அனுப்புவோம். அங்கே எங்கள் முறை ஜூன் மாதம்.

அணை அலுவலகம் மழைதோறும் ஓடைகளில் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, அதில் எவ்வளவு மண் என்று பல வருடமாகப் பார்த்துவருகிறது. இன்று போகும் மண்ணையும் அன்று போன மண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

அண்ணன் எப்படி இருக்கிறார்? பக்கத்து வீட்டு மாடு நலமா?

அன்புடன்,
நாத்தனார்


மே 10

அன்புள்ள கல்பொறுக்கிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று சுருக்கிக்கொள்கிறேன். சொல்ல நிறைய இருக்கிறது.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது சுவரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். "சுவரே, மணலுக்குக்கூட வெயில் அடிக்குமாம், தெரியுமா உனக்கு?" அவர் நிமிரவில்லை. நான் கைக்கணக்கு, கறுப்புக்கணக்கு எல்லாம் சுவருக்கு விளக்கினேன். பெயர்ச்சீட்டைக் கிழித்து எண் போட்டதையும் சொன்னேன். பாதியில் அவரும் சுவரைப் பார்த்தார். "அப்போ அந்தச் சுவருகிட்ட கேளு, மலை ஆதியிலேருந்தே இப்படித்தான் கரையுதுன்னா எங்க மேல தப்பு இல்லைன்னுதானே அர்த்தம்?" என்றார். நான், "சுவரு ஆமாங்குது" என்றேன்.

அன்றிலிருந்து ஆள் மாறிவிட்டார். விதைக்கடையில் போய், தனக்கே அந்தப் படிப்பு தெரிந்த மாதிரி எல்லோருக்கும் விளக்குகிறார். கறுத்த கை, வெளுத்த கை என்று தன் இரண்டு கையையும் நீட்டிக் காட்டுகிறார். இரண்டும் கறுப்புதான். "என் தங்கச்சி மணலைப் பேச வச்சிருவா" என்று நேற்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. என்னிடம் மட்டும் சொல்ல மாட்டார்.

மேல்வயல் உருளைக்கிழங்கு நன்றாக வந்திருக்கிறது. உச்சியில் புல்வெளியாகக் கிடந்ததை உழுது நாலு வருடமாகப் போடுகிறோமே, அந்த இடம். கிழங்கு ஒவ்வொன்றும் கைக்குள் அடங்கவில்லை. நீ வரும்போது ஒரு மூட்டை உனக்கு.

ஜூனுக்காக நாற்பது வீடும் காத்திருக்கிறது. உன்னை அவசரப்படுத்தவில்லை. கொஞ்சம் அவசரப்படுத்துகிறேன்.

உன் அண்ணி


ஜூன் 28

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அனைவர் நலமும் அறிய ஆவல். இங்கே வெயில் கொஞ்சம் தணிந்திருக்கிறது. உதவியாளர் அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை ஆயிற்று, நன்றாக இருக்கிறார்.

இயந்திரத்திலிருந்து எண்கள் வந்துவிட்டன. இன்னும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. முடிந்ததும் எழுதுகிறேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
நாத்தனார்


ஜூலை 12

அன்புள்ள கல்பொறுக்கிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்பதுதான் சந்தேகமாக இருக்கிறது.

ஒரு கேள்வி கேட்டால் இரண்டு பக்கம் எழுதுகிறவள் நீ. இந்தத் தடவை அரைப்பக்கம், அதிலும் வெயிலும் கண் அறுவையும்தான். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று நீ கேட்காத முதல் கடிதம் இது. மார்க் குறைந்த பிள்ளை பள்ளிக்கூடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசும், பார்த்திருக்கிறேன்.

உன் அண்ணன் இந்தக் கடிதத்தை என்னிடம் கேட்டே வாங்கிப் படித்தார். முதல்முறையாக. "சரிபாக்கறாங்களாம், பெரிய வேலைல்ல, நேரம் ஆகும்" என்று எனக்கு அவரே சமாதானம் சொன்னார். அவருக்குப் படிக்கத் தெரிந்தது எழுத்தை மட்டும்தான். எனக்கு உன்னையும் தெரியும்.

நல்லதோ கெட்டதோ சொல்லிவிடு. வளைவில் எதிரே வண்டி வருகிறதென்றால் ஹாரன் அடிக்க வேண்டும், தங்கச்சி. சத்தமில்லாமல் வருவதுதான் ஆபத்து.

உன் அண்ணி


ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று இந்த முறை சடங்குக்காக எழுதவில்லை.

நல்லதை முதலில் சொல்கிறேன். எங்கள் துறைத் தலைவர் எண்களுக்கு உரிய ஓடைகளின் பெயரை என் முன்னால் திறந்தார். உங்கள் மலை ஆயிரம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சாண் கரைகிறது. பல ஆயிரம் ஆண்டுகளாக அப்படித்தான். இன்று ஓடைகள் கொண்டுபோகும் மண்ணும் அதே அளவுதான். மனிதக் காலே படாத காட்டோடை இருக்கிறதே, அது எல்லாவற்றையும்விடக் கூடுதலாகக் கரைகிறது. செங்குத்தான மலை, அதன் சுபாவம் அது. அணை கட்டியவர்கள் மழை பொய்த்த சில வருடங்களில் தண்ணீரைப் பார்த்துவிட்டு, மண் கொஞ்சம்தான் வரும் என்று தப்பாக நினைத்துக்கொண்டார்கள். நாற்பது குடும்பங்களின்மேல் பழி இல்லை. அறிக்கையில் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறோம்.

ஓர் ஓடை மட்டும் விதிவிலக்கு.

அந்த ஓடையின் சரிவு மென்மையானது. மணல் சொல்வதன்படி ஆயிரம் ஆண்டுக்கு நாலு விரல் அளவுகூடக் கரையவில்லை. ஆனால் இன்று அதில் போகும் மண் அதைப்போலப் பத்து மடங்கு. நாலு வருடத்துக்கு முன்னால் பிடித்த பாட்டில்களில் இப்படி இல்லை. அது மேல்வயலுக்குக் கீழே ஓடும் ஓடை.

பெயரைப் பார்த்ததும் எங்கோ தவறு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். தவறாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். மீதமிருந்த மணலை எடுத்து முதலிலிருந்து கழுவினேன். இன்னோர் ஆய்வுக்கூடத்துக்கும் ஒரு பிடி அனுப்பினோம். அதே விடை. அரைப்பக்கக் கடிதம் எழுதியது அந்த நாட்களில்தான்.

நேற்று அறிக்கையை அனுப்பிவிட்டோம். ஓடைகளுக்கு எண் மட்டும்தான், யார் நிலம் என்று இருக்காது. செப்டம்பரில் உங்கள் சங்கத்தில் வைத்தே படிப்பார்கள். நான் உறவு என்பதால் வரக்கூடாது, எங்கள் துறைத் தலைவர் வருகிறார். அதற்குமுன் அண்ணனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டுவீர்களா? இதைச் சுவரிடம் சொல்ல வேண்டாம் அண்ணி.

உங்கள் நாத்தனார்


செப்டம்பர் 5

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? ஒரு மாதமாகப் பதில் இல்லை. தபால் பெட்டியை உதவியாளர் அம்மா எனக்கு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்து தேநீர் கொடுக்கிறார்.

கோபம் என்றால் கோபமாக எழுதுங்கள். திட்டினாலும் சரி. அண்ணன் நன்றாக இருக்கிறாரா என்ற ஒரு வரியாவது வேண்டும்.

நாத்தனார்


செப்டம்பர் 24

அன்புள்ள கல்பொறுக்கிக்கு,

எல்லோரும் நலம். இதை எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆனது. இடையில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் 'நலம்' என்ற முதல் சொல்லிலேயே பேனா நின்றுவிட்டது. பொய் எழுத வரவில்லை. உண்மையை எழுதினால் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாய்.

உன் கடிதத்தை மேல்வயலில் வைத்தே படித்துக் காட்டினேன். மண்வெட்டியில் சாய்ந்து நின்று கேட்டார். "மறுபடி படி" என்றார். படித்தேன். "மணலை ரெண்டு தடவ கழுவினாளா?" என்றார். "ஆமா." "வேற எடத்துலயும் பாத்தாங்களா?" "ஆமா." அவ்வளவுதான். மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடையில் இறங்கிப் போனார்.

உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்கு உன்மேல் கோபம். அத்தனை எண்ணில் ஒன்றை இவள் தொலைத்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அந்தக் கோபம் சட்டென்று போய்விடவும் இல்லை.

அதன்பிறகு அவர் விடிந்ததும் போவார், இருட்டினால் வருவார். சரியாகச் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டால், "நடந்து பாக்கறேன்" என்பார். ஒருநாள் பின்னாலேயே போனேன். மேல்வயலின் ஒவ்வோர் உழவுசாலிலும் கால் வைத்து வைத்து நடக்கிறார், தண்ணீர் போகும் வழியிலேயே போய் ஓடையில் இறங்குகிறார், மறுபடி மேலே ஏறுகிறார். என்னைப் பார்த்ததும், "எல்லா உழவுசாலும் மேலேருந்து கீழயே ஓட்டியிருக்கேன். தண்ணிக்கு நானே பாதை வெட்டிக் குடுத்திருக்கேன்" என்றார். இடுப்பைக் காரணம் காட்டி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவரும் உட்கார்ந்தார்.

கூட்டம் விதைக்கடையின் பின்கட்டில் நடந்தது. உங்கள் தலைவர் மெதுவாக, எல்லோருக்கும் புரியும்படி படித்தார். பழி எங்கள்மேல் இல்லை என்றதும் கைத்தட்டலில் கூரைத்தகரம் அதிர்ந்தது. அடுத்து அந்த ஓர் ஓடையைப் பற்றிச் சொன்னார். சங்கத் தலைவர், "அது யாரு ஓடைங்க?" என்று கேட்டார். அணைப் பொறியாளர், "எண் மட்டும்தான் இருக்கு. ஆள் பேரு இங்க தேவையில்ல" என்றார்.

அப்போது எங்கள் ஊர் உரக்கடைக்காரர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "எது இருந்தாலும் ஒருத்தர் ஓடை மட்டும் பளிங்கு மாதிரிதான் இருக்கும். தங்கச்சி லேப்ல இருக்கறாளே!" நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

உன் அண்ணன் எழுந்தார்.

"அந்த ஓடை என்னுது."

உரக்கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"உச்சியில புல்லு கெடந்த எடத்த யாரையும் கேக்காம உழுதது நான். மண்ணு போற வழிய நடந்து பாத்துட்டேன். என் தங்கச்சிக்கு அது என்னுதுன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் அப்படியேதான் எழுதிக் குடுத்திருக்கா." பிறகு பொறியாளரைப் பார்த்தார். "அதுக்காக மத்தவங்களக் கிளப்பாதீங்க. அந்த வயல எடுத்துக்குங்க."

பொறியாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர்தான். "எடுத்து நான் என்னங்க பண்றது? எனக்கு உழவும் வராது, புல்லு வெதைக்கவும் வராது. நீங்களே பழையபடி புல்லாக்குங்க. கல்லுவரப்புக்கு எங்க ஆளுங்க கூட நிப்பாங்க" என்றார்.

இடமாற்றம் இல்லை என்று போன திங்கட்கிழமை எழுத்திலேயே வந்துவிட்டது. நாற்பது வீடும் இங்கேதான்.

கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் கடப்பாரையோடு முதல் ஆளாக வந்து நின்றவர் உரக்கடைக்காரர். "வாய் கொழுப்புங்க எனக்கு" என்றார். உன் அண்ணன், "கடப்பாரைய இப்படியா பிடிப்பாங்க?" என்றார். அதுதான் அவர்கள் சமாதானம் பேசிய விதம். சரிவுக்குக் குறுக்கே கல்வரப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. புல்விதை போட்டாயிற்று. கிழங்கு நிலம் போனது எனக்கு வருத்தம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். கீழ்வயல் இருக்கிறது. பிழைத்துக்கொள்வோம்.

வீட்டில் உன்னைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் கிளறவில்லை. என் கோபம் போய்விட்டது. எப்போது போனது என்று தெரியவில்லை.

உன் அண்ணி


அக்டோபர் 10

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், உண்மையாகவே நலம். உங்கள் கடிதத்தைக் கண்ணாடிக் கூண்டின் பக்கத்தில் நின்று படித்தேன். முகமூடிக்குள் அழக்கூடாது அண்ணி, மூச்சு முட்டுகிறது. உதவியாளர் அம்மா பயந்துபோய், "அமிலம் தெறிச்சிருச்சா?" என்று என்னைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனார். போகிற வழியில்தான் விஷயத்தைச் சொன்னேன். இழுத்து வந்தது வீணாகாமல் முகம் கழுவச் சொன்னார்.

ஒன்றை அண்ணனிடம் சொல்லுங்கள். புல் வேர் பிடிக்கக் காலம் ஆகும். முதல் மழையிலேயே ஓடை தெளிந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், மனம் தளர வேண்டாம். என் மணல் பல ஆயிரம் ஆண்டுகளின் சராசரியைத்தான் சொல்லும். இந்த வருடத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அதை ஓடைத் தண்ணீர்தான் சொல்ல முடியும்.

டிசம்பரில் எனக்குப் பத்து நாள் விடுமுறை இருக்கிறது. எங்கே போவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

உங்கள் இடுப்பையும், கல் தூக்கும் அவர் முதுகையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
நாத்தனார்


நவம்பர் 30

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நாங்கள் நலம். நீ நலமா? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உன் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்க்கிறாள். போ என்றால் போக மாட்டேன் என்கிறாள்.

கல்வரப்பு முடிந்தது. புல் முளைத்திருக்கிறது. சில இடத்தில் வழுக்கைத்தலை மாதிரி இருக்கிறது, அங்கே மறுபடி விதைத்திருக்கிறேன்.

அணைப் பொறியாளர் ஒருநாள் வந்தார். எங்கள் ஓடையில் தண்ணீர் பிடிக்க வரும் ஆளுக்கு மழைநாளில் மலையேற முடியவில்லையாம். "நீங்களே பிடிச்சுத் தர்றீங்களா?" என்று கேட்டார். யோசித்தேன். சரி என்றேன். பாட்டில்களைக் கொடுத்து, எப்படி முக்க வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனார்.

முதல் பெரிய மழை அடித்தது. ஓடிப்போய் ஓடையில் பாட்டிலை முக்கி எடுத்தேன். எடுத்துப் பார்த்தால் காப்பி மாதிரி இருந்தது. அத்தனை கல் சுமந்து, அத்தனை விதை போட்டு, இதுதானா என்றாகிவிட்டது. அங்கே யாரும் இல்லை. பாதியைக் கொட்டிவிட்டு மேலே நல்ல தண்ணீர் ஊற்றி மூடினால் யாருக்குத் தெரியப்போகிறது? கை மூடியைத் திறந்துவிட்டது. பொய் சொல்லவில்லை, திறந்தேன்.

அப்படியே ரொம்ப நேரம் நின்றேன். நீ அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி இருந்திருப்பாய் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்காவது வெறும் பாட்டில். உனக்கு நான்.

மூடினேன். அப்படியே கொடுத்தனுப்பினேன்.

உன்னைப் படியேறாதே என்றேன். அது எனக்கு ஓயாமல் உறுத்துகிறது. டிசம்பரில் வேறு எங்கும் போகாதே. கல்வரப்பு வளையும் இடத்தில் தண்ணீர் தேங்குகிறது, உடைத்துக் கட்ட வேண்டுமா விட்டுவிடலாமா என்று உன் அண்ணிக்கும் எனக்கும் தினமும் சண்டை. நீ வந்து பார்த்துச் சொல். நீ சொல்வதைக் கேட்பேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். சண்டை போடுவேன். ஆனால் வா.

இன்னொன்று. இந்த வாரமும் மழை நன்றாக அடித்தது. முதல் மழைக்கு இது சளைத்ததில்லை. ஒரு மழையை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று நீ சொல்வாய். தெரியும், சொல்லாதே. உன் அண்ணியும் கூட வந்தாள். பாட்டிலை முக்கி எடுத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். கலங்கல்தான். ஆனால் அதற்கு அந்தப் பக்கம் அவள் நின்றிருந்தாள். அவள் போட்டிருந்த மழைக்கோட்டு மஞ்சள் என்று பாட்டிலுக்கு இந்தப் பக்கமிருந்தே எனக்குத் தெரிந்தது.

உன் அண்ணன்